சாக்கு யானையும் பதினொரு பிள்ளைகளும்

ஜப்பான் துரை யானையைத் தூக்கினான். வயிற்றை அமுக்கிப் பார்த்தான். தையல் விட்ட இடத்திலிருந்து பழுப்புத் தூசி பறந்தது. அவனுக்குத் தும்மல் வந்தது. அடுத்தடுத்து மூன்று தும்மல்.

யாரும் சிரிக்கவில்லை. பதினொரு பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாசலில் தாய்மார் ஒன்பது பேர் தலை குனிந்து நின்றோம். வெளியே பனிமூட்டம் இறங்கி லயத்து வீடுகளை மறைத்திருந்தது. சாணி மெழுகிய தரையில் அவன் பூட்ஸ் காலோடு நின்றான்.

ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மகள் ராசாத்தி. மூன்று வயது. யார் தும்மினாலும் அவளுக்குச் சிரிப்பு வரும்.



துரை அவளைப் பார்த்தான். யானையைத் திரும்பத் தரையில் வைத்தான். தள்ளவில்லை, எறியவில்லை. வைத்தான். அதிலிருந்துதான் அவன் இன்னும் முடிவு செய்யவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அது சாக்குத் துணியில் தைத்த யானை. ஒரு முழம்கூட இருக்காது. அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் எங்கே கிடக்கும் என்பதே அந்த யானையைப் பொறுத்துத்தான் இருந்தது.

கடிதத்தில் வந்த கேள்வி

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, கியா பார்மில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா கடிதம் போட்டிருக்கிறார். "வீட்டுக்காரரைக் கொண்டுபோன பிறகும் நீங்கள் மலைக்கு வேலைக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையை எங்கே விட்டீர்கள்?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. இத்தனை வாரத்தில் ஆண்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.

ஆயாக் கொட்டகையில் விட்டேன். ஆயாவின் பெயர் சவரியாயி. இந்த வாரம் அவளைப் பற்றித்தான்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கால் ஒன்று, ஓடை ஒன்று

தாய் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளையைக் கொட்டகையில் விடுவாள். இறங்கி வரும்போது தூக்கிக்கொள்வாள். எங்கள் கொட்டகை லயத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர். பின்னால் இருபது அடியில் ஓடை.

ஆயா என்றதும் கிழவி என்று நினைக்காதீர்கள். சவரியாயிக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நல்ல உயரம். சின்ன வயதில் சரிவில் விழுந்து இடது முட்டி மடங்காமல் போய்விட்டது. மலை ஏற முடியாது. அதனால் ஆயா வேலை கொடுத்தார்கள். கழுத்தில் ஜெபமாலை இருக்கும். வாயில் கேலி இருக்கும்.

கொஞ்சம் பிந்திப் போனால், "வாங்க மகாராணி, பல்லக்குத் தூக்குறவன் வரலியா?" என்பாள்.

அழுதுகொண்டு போனால் அந்தக் கேலியும் இருக்காது. பிள்ளையை வாங்கிக்கொண்டு, "போ, நேரமாச்சு" என்று மட்டும் சொல்வாள்.

வெள்ளைக்காரன் இருந்தவரைக்கும் கொட்டகைக்குப் பால்மாவு வந்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு மரவள்ளிக் கஞ்சிதான். துணி கிடைக்கவில்லை. நாங்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்தோம். தேயிலைச் செடியின் ஈரம் சாக்கில் ஏறிவிட்டால் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பது போல் இருக்கும்.

ஆயாவுக்குப் பிள்ளைகள் பதினொன்று. எல்லாம் ஒன்றரை வயதிலிருந்து நாலு வயது வரைக்கும். நல்ல கால் ஒன்று. ஓடை ஒன்று. மூட்டம் இறங்கினால் ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அவளுடைய கஷ்டம் இதுதான்.

யானை வந்த விதம்

முதலில் அவள் யானை தைக்கவில்லை. தலையணைதான் தைத்தாள்.

தொழிற்சாலை மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்குச் சாக்குத் துணி இழுத்துக் கட்டியிருப்பார்கள். நைந்து போனதைக் கழித்துப் போடுவார்கள். அதை ஆயா கேட்டு வாங்கிக்கொண்டாள். தேயிலையைச் சலிக்கும்போது பழுப்பாகப் பஞ்சு மாதிரி ஒன்று பறந்து மூலையில் சேரும். அது ஒன்றுக்கும் உதவாது. அதை உள்ளே அடைக்கக் கூடையில் அள்ளிக் கொண்டுவரச் சொல்லி எங்களை விரட்டுவாள். சாக்கின் நூலையே உருவித் தையல் நூலாக்கினாள். கோணி ஊசி ஒன்று வைத்திருந்தாள்.

தலையணை தைக்கும்போது ஒரு மூலை கோணலாக நீண்டுவிட்டது. பிரித்துத் தைக்கப் பார்த்தாள். அதற்குள் ஒரு பிள்ளை அந்த மூலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "ஆனை, ஆனை" என்று கத்தியது. ஆயா யோசித்தாள். நாலு கால் வைத்தாள்.

பிறகு சண்டை. ஒரு யானை, பதினொரு பிள்ளை. இன்னொன்று தைத்தாள். அது மாடு. பிறகு ஆடு, சேவல். ஐந்தாவது என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என் பக்கத்து நிரையில், அதாவது பக்கத்துச் செடி வரிசையில், கொழுந்து எடுக்கும் பாக்கியம் அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாக்கியத்துக்கு வாய் சும்மா இருக்காது.

"ஆயா, இது பூனையா?"

"மொசலு."

"காது எங்க?"

"பயத்துல மடக்கிக்கிச்சி. ஒன் மூஞ்சியப் பாத்துடுச்சில்ல."

பிள்ளைகள் அதற்கு 'அது' என்று பெயர் வைத்தன. அதுவே நிலைத்துவிட்டது.

ஐந்திலும் தேயிலை வாசம் அடிக்கும். பிள்ளைகள் சப்பிச் சப்பி வாயெல்லாம் பழுப்பாக இருக்கும். மாலையில் ராசாத்தியின் வாயைத் துடைக்கும்போது டீ கிளாஸ் கழுவின தண்ணீர் மாதிரி வரும்.

யாரு வரலே?

அவள் எண் சொல்லிக் கொடுத்த விதத்தை எழுத வேண்டும். நான் பார்த்தவரைக்கும் எந்த வாத்தியாரும் அப்படிச் செய்ததில்லை.

கஞ்சி ஊற்றும் முன் மிருகங்களை வரிசையாக உட்கார வைப்பாள். யானைக்கு ஒரு வாய், மாட்டுக்கு ஒரு வாய் என்று வெறும் கரண்டியை நீட்டுவாள். நீட்டும்போது ஒண்ணு, ரெண்டு, மூணு. பிள்ளைகளும் கூடவே சொல்லும்.

கொஞ்ச நாளில் ஒரு தப்பு தெரிந்தது. பிள்ளைகள் யானைக்குப் பெயரே 'ஒண்ணு' என்று நினைத்துக்கொண்டன. யானையைக் கடைசியில் வைத்தாலும் அதற்கு 'ஒண்ணு'தான். ஆட்டை எங்கே வைத்தாலும் 'மூணு'.

நாங்களாக இருந்தால் தலையில் குட்டியிருப்போம். ஆயா அதட்டவே இல்லை. தினம் வரிசையை மாற்றினாள். ஒரு நாள் சேவல் முதலில். ஒரு நாள் 'அது' முதலில். ஒரு மாதம் மாற்றிக்கொண்டே இருந்தாள். முதலில் உட்கார்ந்தவன் எவனோ அவன்தான் ஒண்ணு என்று பிள்ளைகளுக்குத் தானாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு அந்த விளையாட்டு. பிள்ளைகள் கையால் கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஆயா ஒரு மிருகத்தை எடுத்துச் சேலைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

"கஞ்சிக்கு யாரு வரலே?"

பிள்ளைகள் கண்ணைத் திறந்து தேடும். பெரிய பிள்ளைகள் உடனே கத்தும். சின்னதுகள் ஆயாவின் சேலையைப் பிடித்து இழுக்கும்.

நான் ஒரு முறை கேட்டேன். "இதெல்லாம் எதுக்கு ஆயா? இந்த வயசுல கணக்குப் படிச்சி என்ன பண்ணப் போவுதுங்க?"

"கணக்கா? எனக்கு ஒரு காலுதான், தைலி. பதினொண்ணுல ஒண்ணு நழுவி ஓடைப் பக்கம் போனா நான் ஓட முடியாது. மத்த பத்தும் கத்தணும். ஆளு கொறைஞ்சா கண்டுபிடிக்கத் தெரியணும். அதுக்குத்தான்."

ஒரு நாள் மூட்டத்தில் பாக்கியத்தின் இரண்டு வயது மகள் பின்கதவு வழியாக நழுவிவிட்டாள். பத்துப் பிள்ளைகளும் கத்தின கத்தலில் தொழிற்சாலை ஆட்கள் ஓடி வந்தார்கள். பிள்ளை ஓடைக் கரையில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கால் விரல் நனைந்திருந்தது. அவ்வளவுதான்.

பாக்கியம் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

இரண்டு நாள்

கொட்டகை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு தடவை ஆயாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் கொட்டகை பூட்டிக் கிடந்தது. வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. போகாதவளுக்கு அரிசி இல்லை. முதுகில் கூடை இருக்கிறது, பிள்ளையைக் கட்டிக்கொள்ளவும் முடியாது.

ராசாத்தியை இடுப்பில் துணி போட்டுக் கட்டில் காலில் கட்டினேன். கதவைச் சாத்தினேன். போனேன்.

மத்தியானம் வந்து பார்த்தபோது அவள் கட்டில் காலைச் சுற்றிச் சுற்றி வந்து துணி முழுக்கச் சுருண்டு, முகம் கட்டில் காலோடு ஒட்டிக் கிடந்தது. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. இரண்டாம் நாளும் கட்டினேன்.

அதே இரண்டு நாளில் கீழ் லயத்தில் ஒரு பிள்ளை அடுப்பில் விழுந்தது. பிள்ளை பிழைத்தது. கை பிழைக்கவில்லை.

மூடச் சொன்ன நாள்

தேயிலையில் பாதியைப் பிடுங்கிவிட்டுச் சர்க்கரைவள்ளி போடச் சொல்லி உத்தரவு வந்தது. மண்வெட்டிக்கு ஆள் போதவில்லை. ஆண்களில் பாதிப் பேர் சயாமில்.

கிராணி கொட்டகைக்கு வந்தார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். துரைக்கும் எங்களுக்கும் நடுவில் அவர்தான் வாய். கொஞ்சம் ஜப்பான் பாஷை பேசுவார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். நான் அப்போது பிள்ளையை எடுக்க வந்திருந்தேன்.

"கொட்டகைய மூடச் சொல்லிட்டான் ஆயா. நாளையிலேருந்து நீயும் மண்வெட்டி எடுக்கணும்."

"இந்தக் காலோடயா?"

"உக்காந்துகிட்டுக் கொத்துன்னு சொல்றான்."

ஆயா ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"கிராணியாரே, ஜப்பான் பாஷை சொல்லிக் குடுக்குற பள்ளிக்கூடத்த மூட வேணாம்னு டவுன்ல உத்தரவாமே?"

"அது பள்ளிக்கூடத்துக்கு லா."

"இதுவும் பள்ளிக்கூடந்தான்னு சொல்லுங்க."

கிராணி சுற்றிலும் பார்த்தார். ஒரு பிள்ளை யானை மேல் உட்கார்ந்து ஒன்றுக்குப் போயிருந்தது.

"மூத்திர வாடை அடிக்குது ஆயா. என்னைய அறை வாங்க வைக்காத."

"பெரிய பள்ளிக்கூடத்துலயும் அடிக்கும். போய்ச் சொல்லுங்க."

அவர் சொல்லியிருக்கிறார். அறையும் வாங்கியிருக்கிறார். கன்னம் வீங்கித் திரும்பி வந்தார்.

"அடுத்த வாரம் வந்து பாப்பானாம். புள்ளைங்க ஜப்பான்ல எண்ணிக் காட்டணும். காட்டலேன்னா அன்னைக்கே பூட்டு. தாய்மாருங்க எல்லாரும் வந்து நிக்கணும். வேற வேல சொல்றதுன்னா அங்கயே சொல்லிடுவானாம்."

சொல்லிவிட்டு மறுநாளே தானா ராத்தா டவுனுக்குப் போய்விட்டார். தோட்டத்துக் கிராணிகளையெல்லாம் பாஷை படிக்க அங்கே கூப்பிட்டிருந்தார்கள். ஒரு வாரம் அங்கேதான் இருக்க வேண்டும்.

ஆயாவுக்கு ஜப்பான் பாஷையில் ஓர் எழுத்து தெரியாது. எங்களுக்கும்தான்.

என் தப்பு

காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்து வேலைக்குப் பிரிப்பார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு வேலைக்குப் பிரிக்கும் முன் எல்லோரும் கையைக் காலை ஆட்டிப் பயிற்சி செய்ய வேண்டும். ஒருவன் முன்னால் நின்று எண் சொல்லிக் கத்துவான். இச்சி, நி, சான், சீ, கோ, ரோக்கு, சிச்சி, ஹச்சி. திரும்ப இச்சி.

ஆயா பெரட்டுக்கு வருவதில்லை. அதனால் என்னிடம் சொன்னாள். "நீதான் கேட்டுகிட்டு வந்து சொல்லணும்."

தினம் இரண்டு எண்ணாகக் கொண்டுபோனேன். களத்திலிருந்து கொட்டகை வரைக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடப்பேன். வழியில் யாராவது பேசினால் பதில் சொல்ல மாட்டேன். சொன்னால் மறந்துவிடும். தைலிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று என்னைப் பற்றிப் பாக்கியம் ஊரெல்லாம் சொன்னாள்.

நாலு நாளில் எட்டு எண் சேர்ந்தது.

"அப்புறம்?" என்றாள் ஆயா.

"அப்புறம் இல்ல ஆயா. எட்டோட சரி. மறுபடியும் மொதல்லேருந்து."

"எட்டோட எப்படிடீ நிக்கும்? அவனுக்கும் கையில பத்து வெரலு இருக்குல்ல?"

"தெனம் கேக்கறேன் ஆயா. எட்டுக்கு மேல அவன் சொன்னதே இல்ல. வேணும்னா பாக்கியத்தக் கேளு."

பாக்கியத்தைக் கேட்டாள். பாக்கியமும் எட்டு என்றாள். களத்தில் நின்ற அத்தனை பேரும் எட்டு என்றுதான் சொன்னார்கள். ஜப்பான்காரனுக்கு எண்ணே எட்டுதான் என்று தோட்டமே நம்பியது. பயிற்சிக்கு மட்டும்தான் எட்டு என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆயா ஐந்து மிருகத்தோடு இன்னும் மூன்று தைத்தாள். நாய், பன்றி, குரங்கு. எட்டும் ஆயிற்று. அதற்கு எடுத்த சாக்கில் பாதி, அவள் மழைக்குத் தலையில் போடும் சாக்கு.

பிள்ளைகள் மூன்று நாளில் பிடித்துக்கொண்டன. நாங்கள் பெரட்டில் மாதக் கணக்கில் கேட்டும் நாக்கு புரளாத எண். கஞ்சிக் கரண்டிக்கு முன்னால் சர்க்கரையாக வந்தது.

அந்தக் காலை

இனி முதலில் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

துரை யானையை வைத்துவிட்டுக் கையைக் காட்டினான். ஆரம்பி என்று அர்த்தம். பக்கத்தில் கிராணி நின்றார். அன்று காலைதான் லோரியில் துரையோடு வந்து இறங்கியிருந்தார். எங்களோடு ஒரு வார்த்தை பேச நேரமில்லை.

ஆயா மிருகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பதினொரு வாயும் சேர்ந்து சொல்லின. இச்சி, நி, சான். ஹச்சி வரைக்கும் தடுக்காமல் போனது. துரை தலையை ஆட்டினான். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு அவன் பிள்ளைகளைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னான்.

"புள்ளைங்கள எண்ணச் சொல்றான்" என்றார் கிராணி.

பாக்கியத்தின் மூத்தவன், நாலு வயது மணி, எழுந்தான். தலை தலையாகத் தொட்டு எண்ணினான். எட்டாவது தலையில் ஹச்சி. ஒன்பதாவது தலையைத் தொட்டு, நல்ல தைரியமாக, "இச்சி" என்றான். பிறகு நி, சான். முடித்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

துரை சிரிக்கவில்லை. கிராணியின் முகம் வெளுத்துவிட்டது.

"எட்டுக்கு மேல எங்க ஆயா?"

"எட்டுக்கு மேல இருக்கா?"

"இருக்கு ஆயா. இருக்கு."

ஆயா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் செத்திருப்பேன்.

துரை பேசினான். சத்தம் போடவில்லை. கிராணி மெதுவாகச் சொன்னார். "கிளி மாதிரி சொல்லுதுங்களாம். கிளிக்கூட்ட வச்சிப் பள்ளிக்கூடம்னு பொய் சொல்றீங்கன்னு சொல்றான். பூட்டச் சொல்றான்."

கட்டில் கால்தான் என் கண் முன்னால் வந்தது.

ஆயா எழுந்தாள். அவள் எழுவது பெரிய வேலை. சுவரைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி, மற்றதை இழுத்து எழ வேண்டும். எழுந்து முறைப்படி குனிந்து வணங்கினாள்.

"கிராணியாரே, ஒண்ணே ஒண்ணு கேளுங்க. புள்ளைங்க கண்ணப் பொத்திக்கும். தொரையே எதையாச்சும் ஒளிச்சி வைக்கட்டும். கண்டுபிடிக்கலேன்னா நானே பூட்டிச் சாவியக் குடுத்துடறேன்."

கிராணி வாயைத் திறக்கத் தயங்கினார். அறை வாங்கின கன்னத்தை ஒரு தரம் தொட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

துரை யோசித்தான். தலையை ஆட்டினான்.

பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டன. அவன் சேவலை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்தான். பிறகு, எங்களைப் பார்த்துக்கொண்டே, ஆட்டையும் எடுத்தான். தொப்பியைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்து அதற்குக் கீழே ஆட்டைத் தள்ளினான். மிச்சத்தையும் கலைத்து மாற்றி வைத்தான்.

ஆயா எப்போதும் ஒன்றைத்தான் ஒளிப்பாள். இரண்டை ஒளித்ததே இல்லை. எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. வாய் திறந்தால் தீர்ந்தது.

"கஞ்சிக்கு யாரு வரலே?" என்றாள் ஆயா. குரல் எப்போதும் போல்தான் இருந்தது.

"சேவல்!" என்று மணி கத்தினான். எல்லாப் பிள்ளைகளும் கத்தின. துரை சேவலை முன்னால் எடுத்துக் காட்டினான். பிள்ளைகள் கை தட்டின. அவர்களுக்கு விளையாட்டு முடிந்துவிட்டது. துரை சேவலை வரிசையில் வைத்துவிட்டுக் கிராணியின் பக்கம் திரும்பினான். பார்த்தாயா, இரண்டாவதை விட்டுவிட்டன என்று சொல்வது போல் இருந்தது.

ராசாத்தி கை தட்டவில்லை.

அவள் எழுந்து வந்து மிருகங்களின் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். குரங்கு, இச்சி. யானை, நி. அவசரப்படவே இல்லை. சேவலைத் தொட்டபோது சிச்சி. அதற்கு அடுத்து வெறும் தரைதான் இருந்தது. அந்தத் தரையில் விரலை வைத்தாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள்.

எழுந்து துரையின் முன்னால் போய் நின்றாள். அவன் முட்டி உயரம்தான் இருந்தாள். கையை நீட்டினாள்.

"ஹச்சி."

அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கையில் ஒன்றுமில்லை.

அவள் கையை இறக்கவில்லை.

"ஹச்சி குடு."

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. பக்கத்தில் நின்ற பாக்கியத்தின் நகம் என் கையில் இறங்கியிருந்தது. அவள் நகம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

துரை திரும்பினான். தொப்பியைத் தூக்கினான். ஆட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் கொண்டுபோய் வெறும் தரையில் வைத்தாள். "ஹச்சி" என்று ஒரு முறை சொல்லிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து மூக்கை நோண்டினாள்.

கு, ஜூ

துரை தொப்பியைப் போட்டுக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினான்.

"பள்ளிக்கூடந்தானாம்" என்றார் கிராணி. "இருக்கட்டுமாம். ஆனா அடுத்த தடவ பத்து வரைக்கும் வேணுமாம்."

துரை பிள்ளைகளின் முன்னால் குந்தினான். ஹச்சி என்று ஆட்டைக் காட்டினான். பிறகு வெறும் தரையில் விரலை வைத்து, "கு" என்றான். பக்கத்தில் வைத்து, "ஜூ" என்றான். பிள்ளைகள் திருப்பிச் சொல்லின. மறுபடியும் சொல்லச் சொன்னான். சொல்லின. எழுந்து போய்விட்டான்.

அவனைப் பெரிய மனசுக்காரன் என்று நான் எழுத மாட்டேன். எங்கள் வீட்டுக்காரரை லோரியில் ஏற்றிய அன்று பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருந்தவன் அவன்தான். அந்தக் காலையில் ஒரு ஆட்டைத் திருப்பிக் கொடுத்தான். இரண்டும் நடந்தது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

பெரிய மனசு யாருக்கு என்று கேட்டால், கன்னம் வீங்கிய பிறகும் வாயைத் திறந்த கிராணியைச் சொல்வேன். அதற்கும் மேல் ஆயாவைச் சொல்வேன். எழுதப் படிக்கத் தெரியாதவள். தன் எண் பாதியில் நின்றுவிட்டது என்று தெரிந்த அந்த நிமிஷத்திலும், பிள்ளைகளுக்குத் தெரியும் என்று நம்பி எழுந்து நின்றாள். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. பெற்றவள் நான்.

கொட்டகையைப் பிறகு யாரும் பூட்டவில்லை. ஜப்பான்காரன் போகும் வரைக்கும் திறந்தே இருந்தது.

அன்று லோரி சத்தம் இறக்கத்தில் மறைந்ததும் ஆயா சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

நான் கிட்டப் போனேன். "ஆயா, நான் எட்டுன்னுதான்..."

"எட்டோட நிறுத்துன மகாராணி," என்றாள், "போய் ரெண்டு கூடை பஞ்சு அள்ளிக்கிட்டு வா. இன்னும் ரெண்டு உருப்படி தைக்கணும். அவன் என்னமோ சொன்னானே, என்னடி அது? ஒம்பதுக்கு?"

எனக்கும் மறந்துவிட்டது. பாக்கியத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை. ஒன்பது தாய்மாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கு," என்றது ஒரு பிள்ளை.

"ஜூ," என்றது இன்னொன்று. அதற்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

ஆயா சிரித்தாள். சிரித்து, கண்ணைத் துடைத்து, "சரி, வாத்தியாருங்களே, மொதல்லேருந்து சொல்லுங்க, நான் படிச்சிக்கிறேன்" என்றாள். எங்களைப் பார்த்து, "நீங்க என்ன வேடிக்கை? போங்க, நேரமாச்சு."

கூடையை மாட்டிக்கொண்டு ஏறினோம். பாதி ஏற்றத்தில் கொட்டகை மூட்டத்தில் மறைந்துவிட்டது. கூரைகூடத் தெரியவில்லை. கீழேயிருந்து எண்ணும் சத்தம் மட்டும் வந்தது.

நின்று கேட்டேன். ஹச்சியைத் தாண்டியது. பத்து வரைக்கும் போனது.

கூடைக் கயிற்றை இறுக்கிக்கொண்டு என் நிரைக்குள் போனேன். கொழுந்து ஈரமாக இருந்தது. எடுக்க ஆரம்பித்தேன்.